நீண்ட கோப்புப்பெயர்

எட்டு எழுத்துப் பெயர், மூன்று எழுத்துப் பின்னொட்டு என்ற பழைய கட்டளைவரி இயங்குதளங்களின் வரம்பைக் கடந்த கோப்புப்பெயர். 1974இல் கேரி கில்டால் உருவாக்கிய சிபி/எம் தளத்தின் இவ்வழக்கத்தை 1981இல் வந்த எம்.எஸ்.டொஸ் ஏற்றுக்கொண்டது. வட்டில் ஒவ்வொரு கோப்புக்கும் 32 பைட் பதிவு. அதில் பெயருக்கு 11 பைட்தான். 1995இல் வின்டோஸ் 95 இந்தத் தடையை நீக்கியது என்பார்கள். தமிழைப் பொறுத்தவரை அது பாதி உண்மை.  தமிழரைத் தடுத்து நின்றது நீளம் மட்டுமல்ல.

ஊர்காவற்றுறையை அடுத்த நாரந்தனையின் பெயரையே எடுத்துக்கொள்வோம். தமிழில் ஐந்து எழுத்து, ஆங்கில எழுத்தில் 11. ஈழத்தமிழரிடையே பரவலான பாமினி எழுத்துருவில் தட்டினால் சரியாக எட்டு விசைகள். ஆகவே டொஸில் இடம் போதும். ஆனாலும் பெயர் நிலைக்காது. பாமினியில் புள்ளிக்குரிய விசை அரைப்புள்ளி. டொஸ் பெயரில் அதற்கு அனுமதி இல்லை. மேலும் டொஸ் எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கிவிடும். பாமினியில் சிறிய எழுத்து 'ந' என்றால் அதன் பெரிய எழுத்து 'நு', 'த' என்றால் 'து'. ஊரின் பெயரே உருக்குலைந்துவிடும். எனவே ஆங்கில எழுத்தில் குறுக்கி எழுதுவதே வழியாயிற்று.

வின்டோஸ் 95 பெயரை 13 எழுத்துத் துண்டுகளாக்கிக் கூடுதல் பதிவுகளில் வைத்து 255 எழுத்து வரை இடம் தந்தது. பழைய நிரல்கள் அப்பதிவுகளைத் தொடாமல் கடக்கும்படி அடையாளமும் இட்டது. மிக நுட்பமான ஏற்பாடு. டொஸுக்கென்று முதல் ஆறு எழுத்து, அலைக்குறி, ஓர் எண் கொண்ட குறும்பெயரும் உண்டு. 'நாரந்தனை வடக்கு', 'நாரந்தனை தெற்கு' என்ற இரு கோப்புகளை ஆங்கில எழுத்தில் சேமித்தால் 1, 2 என்ற எண்ணே வேறுபாடு. எது முதலில் உருவானதோ அதற்கு 1. வரிசை மாற்றி வேறு வட்டுக்குப் படியெடுத்தால் எண்ணும் இடம் மாறலாம். நீண்ட பெயர் யூனிகோடில் பதிவானதால் தமிழுக்கும் வட்டில் அன்றே இடம் இருந்தது. ஆனால் தமிழைத் திரையில் ஒழுங்காகக் காட்டும் ஆற்றல் வின்டோஸ் 2000 உடன்தான் வந்தது. அப்போதும் குறும்பெயரில் தமிழ் எழுத்துகள் நிற்கவில்லை.

பெயர் எதற்கு, எண்ணும் பட்டியலும் போதுமே என்று கேட்கலாம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் 2005இல் தொடங்கிய நூலகம் திட்டமும் நூல்களுக்கு எண்ணிட்டே காக்கின்றன. ஆனால் அங்கே பட்டியலைப் பேண ஓர் அமைப்பு இருக்கிறது. ஒரு வீட்டின் புளொப்பியில் கிடக்கும் கடிதத்துக்கோ கோப்பின் பெயரைத் தவிர வேறு பட்டியல் இல்லை. நீண்ட பெயர் இடத்தைத் தின்னும் என்பது இதைவிட வலுவான மறுப்பு: 1.44 மெகாபைட் புளொப்பியின் மூல அடைவில் 224 பதிவுகளே உண்டு. பின்னொட்டோடு 'நாரந்தனை வடக்கு' ஒன்றே மூன்றைப் பிடிக்கும். ஆயினும் உள்ளடைவுகளுக்கு இந்த எல்லை இல்லாததால் அதைத் தாண்ட முடிந்தது.

பைட் கணக்கு இன்னும் ஓயவில்லை. லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 கோப்பமைப்பில் பெயருக்கு 255 பைட். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். ஆங்கிலத்துக்கு 255 எழுத்து கிடைக்கும் இடத்தில் தமிழுக்கு 85 குறியீடுகளே; நாரந்தனை மட்டுமே 24 பைட்டை எடுத்துக்கொள்கிறது.