ரெண்டு வரிசை, ஒரு மொய் நோட்டு

அப்பா காலத்து மொய் நோட்டு நாலையும் கம்ப்யூட்டர்ல ஏத்தினேன். புதுச்சத்திரம் பக்கம் ஒரு விசேஷத்துக்குக் கிளம்புறதுக்கு முந்தி மொய் நோட்டைப் புரட்டாத வீடு கிடையாது. பேரை அடிச்சா தொகை வரணும், அவ்வளவுதான் வேலை. ஹாஸ்கெல் பழகிட்டிருந்த ஜோர்ல அதிலேயே எழுதினேன்.

முதல் நாளே மாமா பிடிச்சுட்டார். "ஏங்கண்ணு, கனகா எப்படிக் கபிலனுக்கு முன்னால வந்தா?"

நியாயமான கேள்வி. நம்ம நெடுங்கணக்கில் 'ன' கடைசி எழுத்து. யூனிகோட் அட்டவணையிலோ 'ந'வுக்கு அடுத்த இடத்திலேயே 'ன'வை வைத்திருக்கிறார்கள். 'ப' அதற்குப் பிறகுதான். எழுத்துகளை அப்படியே ஒப்பிட்டால் கனகா முன்னால் வந்துவிடுவாள். சரி என்று அகராதி வரிசைக்கு ஒரு ஒப்பீட்டு ஃபங்ஷன் எழுதி, பேர்களை அடுக்கி, "இது ஏற்கெனவே வரிசையாத்தான் இருக்கு" என்று நம்பி நேராகத் தேடல் மரமாக மாற்றும் லைப்ரரி ஃபங்ஷனிடம் கொடுத்தேன். திரையில் எல்லாம் அழகாக வந்தது.

அடுத்த முகூர்த்தத்தில் ஒரு பேரை அடித்தால் "இல்லை" என்றது. 500 எழுதிட்டு வந்தோம். பிறகு பழைய நோட்டைப் புரட்டினால், அவங்க எங்களுக்கு எழுதினது 2,000. மரத்தை அடுக்கினது என் வரிசையில். தேடினது ஹாஸ்கெல்லின் இயல்பான யூனிகோட் வரிசையில். பாதி வழியில் தப்பான கிளைக்குத் திரும்பிவிட்டது. கம்பைலர் வாயே திறக்கவில்லை.

இந்த அவமானத்துக்குப் பிறகுதான் பழைய கட்டுரைகளைத் தேடிப் படித்தேன். "ஒரு டைப்புக்கு எத்தனை வரிசை இருக்கலாம், அதை யார் தேர்ந்தெடுப்பது?" என்பது நான் புதிதாகக் கண்டுபிடித்த சிக்கல் இல்லை. இரண்டு மொழிக் குடும்பங்கள் பிரிகிற இடமே அதுதான்.

கதை ஸ்காட்லாந்தில் ஆரம்பிக்கிறது. 1970களில் எடின்பரோவில் ராபின் மில்னர், தேற்றங்களை நிறுவ உதவும் ஒரு கருவிக்காக எம்எல் என்ற மொழியை உருவாக்கினார். எந்த டைப்புக்கும் பொருந்துகிற ஃபங்ஷனை ஒரே தடவை எழுதலாம் என்பது அதன் பெருமை. ஆனால் கூட்டலும் சமன்பாடும் அதற்குள் அடங்கவில்லை. எண்ணைக் கூட்டுவது வேறு, தசமத்தைக் கூட்டுவது வேறு. இரண்டு ஃபங்ஷன்கள் சமமா என்று பொதுவாகக் கண்டுபிடிக்கவே முடியாது. ஸ்டாண்டர்ட் எம்எல் சமன்பாட்டுக்கென்றே தனி வகை டைப் மாறிகளை வைத்து ஒட்டுப்போட்டது. மிராண்டா எல்லா டைப்புக்கும் சமன்பாட்டை அனுமதித்துவிட்டு, ஃபங்ஷன்களை ஒப்பிட்டால் ஓடும்போது பிழை என்றது. ரெண்டுமே சமாளிப்புதான்.

இதற்கிடையில், 1984-ல், பெல் ஆய்வகத்தின் டேவிட் மெக்வீன் எம்எல்லுக்கு ஒரு மாட்யூல் அமைப்பை முன்வைத்தார். என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்வது சிக்னேச்சர். அதை நிறைவேற்றுவது ஸ்ட்ரக்சர். ஒரு ஸ்ட்ரக்சரை வாங்கி இன்னொன்றைக் கட்டித் தருவது ஃபங்டர். நாமக்கல்லில் லாரி பாடி கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு ஃபங்டரை விளக்கவே வேண்டாம். சேஸிஸ் கம்பெனியிலிருந்து வருகிறது, பட்டறை அதன்மேல் பாடி கட்டுகிறது. எந்த சேஸிஸ் என்று நீங்கள்தான் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். பட்டறை தானாக ஊகிக்காது. என் மொய் நோட்டை எம்எல்லின் வாரிசான ஓகேமலில் எழுதியிருந்தால், அகராதி வரிசை மாட்யூலை ஃபங்டரிடம் பெயர் சொல்லிக் கொடுத்திருப்பேன். அந்த மரத்தில் தேடுவதும் அதே வரிசையில்தான் நடக்கும். யூனிகோட் வரிசை மரத்தின் டைப் வேறு, இதன் டைப் வேறு. கலந்தால் கம்பைலரே தடுக்கும்.

ஹாஸ்கெல் குழு வேறு பக்கம் போனது. 1987 செப்டம்பரில் போர்ட்லாண்டில் நடந்த மாநாட்டில்தான் அப்படி ஒரு பொதுமொழி வேண்டும் என்று முடிவானது. குழுவின் கூட்டம் ஒன்று முடிந்த பிறகு, கிளாஸ்கோவைச் சேர்ந்த ஃபிலிப் வாட்லரும் ஜோ ஃபேசலும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஃபங்ஷனுக்கு என்னென்ன செயல்கள் தேவை என்பது அதன் டைப்பிலேயே தெரிய வேண்டும் என்றார் ஃபேசல். அவர் மனதில் இருந்த திட்டம் வேறு. வாட்லர் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டார். அந்தத் தப்பிலிருந்து பிறந்ததுதான் டைப் கிளாஸ்! வாட்லர் உட்பட குழுவின் உறுப்பினர்களே பிறகு வரலாறாக எழுதி வைத்திருக்கிறார்கள். 1988 பிப்ரவரியில் வாட்லர் குழுவுக்குக் கடிதம் போட்டார். அடுத்த ஜனவரியில் மாணவர் ஸ்டீஃபன் பிளாட்டுடன் சேர்ந்து எழுதிய கட்டுரை வெளிவந்தது. எடின்பரோவுக்கும் கிளாஸ்கோவுக்கும் நடுவே, நம்ம சேலம் - நாமக்கல் தூரத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

டைப் கிளாஸில் எதையும் கொண்டுபோய் நிறுத்த வேண்டியதில்லை. டைப்பைப் பார்த்து, அதற்குரிய ஃபங்ஷன்களின் தொகுப்பைக் கம்பைலரே மறைவாகக் கைமாற்றிவிடும். எழுதுவதற்குச் சுகம். விலை என்னவென்றால், ஒரு டைப்புக்கு ஒரே வரிசைதான் இருக்கலாம். வேறு வரிசை வேண்டுமென்றால் அதே சரக்குக்கு வேறு பேர் வைத்துப் புது டைப் ஆக்க வேண்டும். நான் அதைச் செய்யாமல் குறுக்கு வழியில் போனேன், மாட்டிக்கொண்டேன். இந்த "ஒன்றே ஒன்று" என்ற விதியை ஹாஸ்கெல் கம்பைலர் முழுக்கக் காவல் காப்பதும் இல்லை. ஒன்றையொன்று பார்க்காத இரண்டு கோப்புகளில் இரண்டு வரிசையை எழுதிவைத்தால் விட்டுவிடும். பிற்பாடு வந்த ரஸ்ட் இதில் கறார்: வரிசையோ டைப்போ ஏதாவது ஒன்று உங்கள் வீட்டுடையதாக இருந்தால்தான் அனுமதி.

இதெல்லாம் வெளிநாட்டு வாத்தியார்கள் சண்டை என்று தோன்றினால், சென்னைக்கு வாருங்கள். ஐஐடி மெட்ராஸில் காமகோடி குழுவினர் வடிவமைத்த சக்தி செயலிகள் எழுதப்பட்டது புளூஸ்பெக் மொழியில். ஐஐடி கான்பூரில் படித்து எம்ஐடிக்குப் போன அர்விந்தின் ஆய்விலிருந்து வளர்ந்த மொழி அது. அதன் ஆரம்ப வடிவமைப்பில், ஹாஸ்கெல்லுக்குக் கம்பைலர் எழுதிய லென்னார்ட் ஆகஸ்ட்ஸன் இருந்தார். கம்பைலரே ஹாஸ்கெல்லில் எழுதியது; 2020-ல் திறமூலமானது.

புளூஸ்பெக்கில் மாட்யூல் என்றால் நிஜமான வன்பொருள் துண்டு. மெக்வீனின் மாட்யூல் அல்ல. ஆனால் ஒவ்வொன்றுக்கும் சிக்னேச்சர் மாதிரி ஒரு இன்டர்ஃபேஸ் உண்டு, அளபுரு வாங்கிக்கொண்டு இன்னொன்றைக் கட்டும். அதற்குள்ளேயே டைப் கிளாஸும் உண்டு. ஒரு வரிசைப்பெட்டியைக் கட்டும்போது, "உள்ளே வருகிற டைப்பை பிட்டுகளாக மாற்ற முடிந்திருக்க வேண்டும்" என்ற நிபந்தனையை டைப் கிளாஸ்தான் சொல்கிறது. இங்கே ஒரு டைப்புக்கு ஒரே மாற்றுமுறை என்பது சுகத்துக்காக இல்லை. கம்பியின் ஒரு முனையில் ஒரு விதமாகவும் மறுமுனையில் இன்னொரு விதமாகவும் பிட்டுகளைப் படித்தால், என் மரத்துக்கு நேர்ந்ததுதான் சில்லுக்கும் நேரும். சக்தி சில்லு ஒன்று 2018-ல் இன்டெலின் 22 நானோமீட்டர் நுட்பத்திலும், இன்னொன்று அதே ஆண்டு சண்டிகரில் 180 நானோமீட்டரிலும் அச்சாகி வந்தன. அச்சானதைத் திரும்பத் திருத்த முடியாது. மொய்யாவது அடுத்த விசேஷத்தில் சேர்த்து எழுதிக்கொள்ளலாம்.

என் நோட்டில் பேருக்குப் புது டைப் ஒன்று செய்து, அகராதி வரிசையை அதற்கே கட்டிவிட்டேன். கனகா, கபிலனுக்குப் பின்னால் போய்விட்டாள், தேடினாலும் கிடைக்கிறாள். இப்போ மாமா, "பேரு வரிசை இருக்கட்டும் கண்ணு, ஊர்வாரியா ஒண்ணு போடு" என்கிறார். இந்தத் தடவை ஓகேமலில் எழுதலாம் என்று இருக்கிறேன்.