பிரெஸ்டன்பான்ஸ் போர்: பாட்டிலும் தையலிலும் நிற்கும் நினைவு

பிரெஸ்டன்பான்ஸ் என்பது ஸ்காட்லாந்தில் எடின்பரோவுக்குக் கிழக்கே கடலோரமாக உள்ள சிறு நகரம். பாதிரிமார் உப்புக் காய்ச்சிய கொப்பரைகளால் அமைந்த பெயர் இது. 1745 செப்டம்பர் 21 அன்று இந்நகரின் அருகே நடந்த போரை இன்று அதிகம் பேர் அறியமாட்டார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரல் 16 அன்று நடந்த கலோடன் போரின் நிழலில் இது மறைந்துபோயிற்று.

1688இல் அரியணையை இழந்த இரண்டாம் ஜேம்ஸ் மன்னரின் பேரன் சார்லஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட். தன் தந்தைக்காக அந்த அரியணையை மீட்க அவர் 1745இல் ஸ்காட்லாந்தில் வந்து இறங்கினார். அவருடைய ஆதரவாளர்களை ஜாக்கோபைட்டுகள் என்பர். அவர்களைத் தடுக்க அரசுப் படையுடன் வந்தவர் சர் ஜான் கோப். இரு தரப்பிலும் 2,000க்கு மேற்பட்ட வீரர்கள் இருந்தனர். கோப் தன் படைக்கு முன்னால் சதுப்பு நிலம் இருக்குமாறு பாதுகாப்பாகவே நிறுத்தியிருந்தார். ஆனால் உள்ளூர்க்காரரான ராபர்ட் ஆண்டர்சனுக்குச் சதுப்பின் ஊடே செல்லும் ஒற்றையடிப் பாதை தெரியும். இரவோடு இரவாக அவர் ஜாக்கோபைட்டுகளை அழைத்துச் சென்றார். விடியற்காலையில் தொடங்கிய சண்டை அரை மணி நேரத்துக்குள் முடிந்தது. அரசுப் படையில் பல நூறு பேர் மாண்டனர். 1,000க்கும் மேற்பட்டோர் பிடிபட்டனர். தளபதிகளில் ஒருவரான கர்னல் ஜேம்ஸ் கார்டினர் தம் சொந்த வீட்டுக்கு அருகிலேயே வெட்டுண்டு விழுந்தார்.

இப்போரை முதலில் காப்பாற்றி வைத்தது ஒரு கேலிப் பாட்டு. 'ஹே ஜானி கோப்' என்ற அப்பாடலை இயற்றியவர் ஆடம் ஸ்கர்விங் என்ற அந்த வட்டாரத்து விவசாயி என்பர். கோப் உறங்கிக்கொண்டிருந்தார், பிறகு ஓடிப்போனார் என்பது பாட்டு சொல்லும் கதை. உண்மை அப்படியில்லை. கோப் இரவெல்லாம் காவல் வைத்திருந்தார். எதிரி இடம் மாறுவது தெரிந்ததும் படையின் முகத்தையே திருப்பி நிறுத்தினார். 1746இல் விசாரித்த இராணுவக் குழுவும் அவர்மீது குற்றமில்லை என்றது. பயிற்சியில்லாத வீரர்கள் கலைந்து ஓடியதே தோல்விக்குக் காரணம். ஆனால் விசாரணை அறிக்கையை யார் பாடுவார்கள்? பாட்டே நின்றது. இன்னொரு வேடிக்கை: அரசுப் படையைப் பரிகசித்த அதே மெட்டு, பிற்காலத்தில் பிரித்தானிய இராணுவத்தின் ஸ்காட்டிஷ் படைப்பிரிவுகளில் வீரர்களைக் காலையில் எழுப்பும் பைப் இசையாயிற்று.

போர்க்களத்துக்கு உரிய மதிப்பு கிடைக்க வேண்டும் என்று 2006இல் அங்கே ஓர் அறக்கட்டளை தொடங்கப்பட்டது. சிலை வைப்பதோடு நில்லாமல், ஊராரையே ஊசி எடுக்கச் சொன்னார்கள். 1066ஆம் ஆண்டின் ஹேஸ்டிங்ஸ் போரைச் சொல்லும், ஏறத்தாழ 70 மீட்டர் நீளமுள்ள பிரான்சின் பேயு சித்திரச் சீலையே முன்மாதிரி. ஆண்ட்ரூ கிரம்மி படங்களை வரைந்து கொடுக்க, 200க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் துணியில் கம்பளி நூலால் அவற்றைத் தைத்தனர். 2010இல் முடிந்தபோது அதன் நீளம் 104 மீட்டர். டேபஸ்ட்ரி என்று அழைக்கப்பட்டாலும் இது நெய்தது அன்று, பேயு சீலையைப் போலவே பூத்தையல்தான். மாணவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். சார்லஸின் பயணத்தைத் தொடர்ந்து சென்று, பிரெஸ்டன்பான்ஸ் வெற்றியோடு கதை நிற்கிறது. கலோடன் தோல்வி அதில் இல்லை. அது வரலாற்றைப் பாதியில் நிறுத்துவதாகாதா என்று கேட்கலாம். ஒவ்வோர் ஊரும் தன் கதையைத் தானே சொல்லும்போது, எங்கே நிறுத்துவது என்பதையும் அந்த ஊரே தீர்மானிக்கிறது.

கிரம்மியின் தாயார் ஹெலன் கிரம்மியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எடின்பரோவின் ஏழ்மையான கிரெய்க்மில்லர் பகுதியில் வாழ்ந்த அவர், தம் மகன் ஒருவனுக்கு வயலின் கற்றுத்தருமாறு பள்ளியில் கேட்டார். எழுதப் படிக்கக் கற்பிக்கவே நேரம் போதவில்லை என்று பதில் வந்தது. ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் இந்தப் பதில் எனக்குப் புதிதல்ல, நாங்களும் சொல்லியிருக்கிறோம். அவர் சோர்ந்துவிடாமல் மற்றத் தாய்மார்களைச் சேர்த்துக்கொண்டு, 1960களில் அப்பகுதி மக்களே பாடி, ஆடி, நடிக்கும் விழாவைத் தொடங்கினார். ஊரார் கையாலேயே கலை என்ற வழக்கம் மகனுக்கு வீட்டிலிருந்தே வந்தது.

பிரெஸ்டன்பான்ஸ் சீலையைப் பார்த்த எழுத்தாளர் அலெக்சாண்டர் மெக்கால் ஸ்மித், ஸ்காட்லாந்தின் முழு வரலாற்றையும் இப்படித் தைக்கலாமே என்று கருதினார். அதையும் கிரம்மியே வடிவமைத்தார். சுமார் 1,000 பேர் தைத்த அந்தப் பெரிய சீலை 2013இல் வெளியிடப்பட்டது. 2021 முதல் அது காலஷீல்ஸ் நகரில் தனிக் கட்டடத்தில் காட்சிக்கு உள்ளது.