குலசேகரம்: ரப்பரும் மின்சாரமும்

கன்னியாகுமரி மாவட்டத்தில், பேச்சிப்பாறை அணைக்குப் போகும் வழியில் உள்ள ஊர் குலசேகரம். மலையோர ரப்பர் வணிகத்தின் மையம். 1956 நவம்பர் 1-இல் தமிழகத்தோடு இணையும்வரை திருவிதாங்கூர்–கொச்சியைச் சேர்ந்திருந்தது. இங்கு ரப்பர் வேரூன்றியதும் அந்தத் தொடர்பால்தான்.

ரப்பர் ஷீட் செய்ய மின்சாரம் வேண்டியதில்லை. விடியுமுன் தலைவிளக்கு வெளிச்சத்தில் பால் வெட்டுவார்கள். சிரட்டையில் சேர்ந்த பாலை வடிகட்டி, தண்ணீர் கலந்து, தட்டில் ஊற்றிக் கொஞ்சம் ஃபார்மிக் அமிலம் விட்டால் மறுநாளைக்கு உறைந்துவிடும். கையால் சுற்றும் ரோலரில் அதைத் தேய்த்து, புகைப்புரையில் விறகுப் புகைக்கு மேல் தொங்கவிட்டால் சரக்கு தயார். மின்கம்பி எட்டாத மலையடிவாரங்கள் உலகச் சந்தைக்குள் வந்தது இப்படித்தான். ஆனால் ஷீட்டின் தரத்தைக் கண்ணால் பார்த்தே பிரிப்பார்கள். விலையோ கோட்டயத்திலும் பாங்காக்கிலும் முடிவாகும்.

மின்சாரம் இல்லாமல் நடக்காதது அடுத்த கட்டம். பாலில் அம்மோனியா சேர்த்து, நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்றுச் சுற்றும் எந்திரத்தில் பிரித்தால் 60 சதவீத ரப்பர் கொண்ட செறிவுப் பால் கிடைக்கும். கையுறை, பலூன் செய்பவர்கள் கேட்பது அதைத்தான். 1965-இல் மலேசியா கொண்டுவந்த தரமுத்திரைக் கட்டி ரப்பருக்கும் அரைவை, உலர்த்தி, அழுத்தி என எல்லாமே எந்திரம். ஒருகாலத்தில் கச்சா ரப்பர் ஏற்றுமதியைப் பெரிதும் நம்பியிருந்த அந்த நாடு, இன்று தாய்லாந்திலிருந்து பாலை வாங்கிக் கையுறையாக்கி உலகுக்கு விற்கிறது.

குலசேகரத்துக்கு மேலே மலையில் கோதையாறு நீர்மின் நிலையங்கள் 1970–71-இல் இயங்கத் தொடங்கின. ஒன்று 60 மெகாவாட், மற்றொன்று 40. அந்த மின்சாரம் மாநிலத் தொகுப்புக்குப் போகிறது. பக்கத்து ஊர் என்பதற்காகத் தனிப்பங்கு கிடையாது. மின்சாரம் வேண்டிய அந்த அடுத்த கட்டம் இம்மாவட்டத்திலும் உண்டு. இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர்களுக்கு வேலை தந்த அரசு ரப்பர் கழகம் 1984 முதல் தனி நிறுவனம். ஷீட்டோடு செறிவுப் பாலும் தயாரிக்கிறது.

2008-க்குப் பிந்தைய மின்வெட்டு ஆண்டுகளில் தமிழகத் தொழில்கள் டீசல் ஜெனரேட்டரை நம்பி ஓடின. அந்தக் கூடுதல் செலவை வெளிநாட்டு வாங்குபவர் ஏற்கமாட்டார். 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயல் ரப்பர் மரங்களையும் மின்கம்பங்களையும் சேர்த்தே சாய்த்தது. மாவட்டத்தின் பல பகுதிகள் நாள்கணக்கில் இருண்டு கிடந்தன.

இந்தியாவின் ரப்பர் தேவை அதன் விளைச்சலைவிட அதிகம். அதனால் இவ்வூர்ச் சரக்கில் பெரும்பகுதி உள்நாட்டு டயர் ஆலைகளுக்கே போகிறது. கடல் கடந்தால் பெரும்பாலும் டயராகத்தான் கடக்கும். சிறு விவசாயிகள் பலர் இன்றும் ஷீட்டும், சிரட்டையிலும் மரத்திலும் ஒட்டி உறைந்த ஒட்டுப்பாலுமாகவே விற்கிறார்கள்.