தனித்த அறிவுரையின் வரலாறு

இங்கிலாந்தில் மணமின்றிச் சேர்ந்து வாழும் இருவர், வீடும் பொருளும் குறித்து உடன்படிக்கை செய்துகொள்ளுங்கால், ஒவ்வொருவரும் தமக்கெனத் தனி வழக்கறிஞரைக் கலந்த பின்னரே ஒப்பமிடுதல் வேண்டும் என்பர். இது வழக்கறிஞர் வரும்படிக்காகக் கிளம்பிய வழக்கம் அன்று. இருநூறு ஆண்டுகட்கு மேற்பட்ட நீதிமன்றப் பட்டறிவு அதன் பின்னே நிற்கிறது. அதில் ஒரு சிறந்த பாடத்தைத் தந்தது நம் சிங்கப்பூர் என்பது தமிழாசிரியர்கள் அறியத்தக்க செய்தியாகும்.

1807இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு நடந்தது. கைம்பெண் ஒருவர், தம் சொத்துக் காரியங்களைப் பார்த்து வந்த சமயகுருவுக்கு அச்சொத்தை எழுதிக் கொடுத்துவிட்டார். அதனைச் செல்லாதாக்கிய எல்டன் பிரபு, அவர் அறிந்து செய்தாரா என்பதோடு நில்லாமல், அவ்வெண்ணம் அவர் உள்ளத்தில் எவ்வாறு உண்டாயிற்று என்றும் வினவினார். நம்பிக்கை மிகுந்த இடத்தில் அந்நம்பிக்கையே விலங்காகவும் கூடும் என்பது அவ்வினாவின் உட்பொருள்.

இனிச் சிங்கப்பூர் வழக்கைக் காண்போம். இஞ்சே நோரியா என்னும் மலாய் மாது முதுமையுற்றவர், எழுத்தறிவு இல்லாதவர். தம் காரியங்களையெல்லாம் நடத்திவந்த நெருங்கிய உறவினருக்கு, இந்நகரிலிருந்த தம் நிலங்களைத் தானமாக எழுதிக் கொடுத்தார். வழக்கறிஞர் ஒருவர் பத்திரத்தை நேர்மையாகவே விளக்கினார். ஆயினும், அம்மாது கொடுப்பது ஏறத்தாழத் தம் முழுச் சொத்து என்பதை அவர் அறியவில்லை. உயில் எழுதினால் வாழ்நாள் முழுதும் சொத்தைத் தம்மிடமே வைத்துக்கொண்டு பின்னர் உறவினருக்குச் சேர்ப்பிக்கலாம் என்று எடுத்துச் சொல்லவுமில்லை. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1928இல் ஹெயில்ஷாம் பிரபு அத்தானத்தைத் தள்ளுபடி செய்தார். அறிவுரை இருந்ததா என்பதைவிட, உண்மை முழுதும் அறிந்து சொன்ன அறிவுரையா என்பதே கேள்வி என்னும் தெளிவு இத்தீர்ப்பால் நிலைபெற்றது.

சேர்ந்து வாழ்வோரின் நிலை யாது? மணமின்றி வாழ்வதற்குத் துணைபோகும் ஒப்பந்தம் ஒழுக்கக்கேடானது என்று ஆங்கில நீதிமன்றங்கள் நெடுங்காலம் ஒதுக்கின. 2003இல்தான், உடலுறவை விலைபேசும் ஒப்பந்தம் வேறு, சேர்ந்து வாழ்வோர் தம் சொத்தைப் பற்றிச் செய்யும் ஒப்பந்தம் வேறு என்று ஒரு தீர்ப்பு தெளிவாகப் பிரித்துரைத்தது.

உடன்படிக்கை இல்லையேல் நேரும் இடரை 1984இல் சட்ட அறிக்கையில் வெளியான வழக்கொன்று காட்டுகிறது. பத்தொன்பது ஆண்டு ஒருவரோடு வாழ்ந்து இரு மக்களை வளர்த்த பெண்மணிக்கு, அவர் பெயரிலிருந்த வீட்டில் ஒரு பங்கும் கிட்டவில்லை. மணமுறிவில் மனைவிக்குள்ள உரிமை அவருக்கு இல்லை.

உடன்படிக்கை இருந்தாலும், அன்பின் பேரால் கண்மூடி இட்ட ஒப்பம் தீங்காகலாம். கணவன் கடனுக்காக வீட்டை ஈடு வைக்கும் மனைவியைப் பற்றி 1993இல் வகுத்த காப்பு, சேர்ந்து வாழ்வோருக்கும் உரியது என்று பிரபுக்கள் சபை உரைத்தது. மனைவியைக் கணவன் இல்லாதபோது நேரில் கண்டு, எளிய சொற்களால் விளக்குதல் வழக்கறிஞர் கடன் என 2001இல் அச்சபையே வகுத்தது.

ஒரே வழக்கறிஞர் இருவர் நலனையும் ஒருங்கே காத்தல் அரிது. ஒருவர் பெறுவது மற்றவர் இழப்பதாக முடியலாம். ஆதலின் இருவர் வேண்டும். அவ்விருவரிடமும் சொத்து, கடன் அனைத்தையும் மறைக்காது கூறல் வேண்டும். இஞ்சே நோரியா வழக்கு உணர்த்துவது இதுவே.