சிறுத்தைப் பல்லியும் திருவனந்தபுரத்து வெப்பமானியும்

செல்லப்பிராணிக் கடைகளில் ‘லெப்பர்ட் கெக்கோ’ என்ற பெயரில் விற்கப்படும் பல்லியை வாங்குவோருள் பலர் அதனை வெளிநாட்டு உயிரினம் என்றே கருதுகின்றனர். அறிவியல் ஏடுகளில் அது பதிவான இடமோ கல்கத்தா. ஆசியச் சங்க அருங்காட்சியகத்தின் காப்பாளராயிருந்த எட்வர்டு பிளைத், பஞ்சாபின் உப்பு மலைத்தொடரிலிருந்து கிடைத்த மாதிரிகளைக் கொண்டு 1854இல் அதற்கு ‘மாகுலாரியஸ்’, அதாவது புள்ளியுடையது, எனப் பெயரிட்டார். அதன் பேரினத்துக்கு ‘யூபிளெஃபாரிஸ்’ என்ற பெயரை 1827இலேயே ஜான் எட்வர்டு கிரே சூட்டியிருந்தார். ‘நல்ல இமை’ என்பது அதன் பொருள். நம் வீட்டுச் சுவர்ப் பல்லிக்கு அசையும் இமை கிடையாது. அது நாவால் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். சிறுத்தைப் பல்லிக்கு இமை உண்டு, ஆனால் சுவரில் ஒட்டும் விரல் அட்டைகள் இல்லை. கல்லும் மண்ணும் நிறைந்த தரையில், அந்தி வேளையில் வெளிவந்து இரை தேடும் உயிர் அது. (குஞ்சுப் பருவத்தில் அதன் உடலில் புள்ளிகளே இரா, கரும்பட்டைகளும் மஞ்சள் பட்டைகளுமே இருக்கும். வளர வளரப் பட்டைகள் சிதறிப் புள்ளிகளாகும். பிளைத்தின் பெயர் முதிர்ந்த பல்லிக்கே பொருந்தும்.)

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க வளர்ப்பாளர்கள் இப்பல்லியைக் கூண்டில் பெருக்கினர். இன்று இணையத்தில் கிடைக்கும் வளர்ப்புக் கையேடுகள் பெரும்பாலும் அங்கு உருவானவை. ஆகவே அவை எல்லாம் வெப்பமூட்டுவதிலிருந்தே தொடங்குகின்றன. குளிர்நாட்டு வீட்டில், உலர்ந்த காற்றுள்ள அறையில், பாலைநிலத்துப் பல்லியை எப்படிக் காப்பது என்பதே அவற்றின் கேள்வி. அண்மையில் ஒரு குஞ்சை வாங்கிய மாணவர் ஒருவர், எத்தனை வாட் விளக்கு வைக்க வேண்டும் என்று என்னைக் கேட்டார். கையேட்டைப் படித்தவர் கேட்க வேண்டிய கேள்விதான் அது. திருவனந்தபுரத்தில் வாழ்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அன்று.

இந்நகரின் வெப்பத்தையும் ஈரத்தையும் அளக்கும் மரபு பழையது. சுவாதித் திருநாள் மன்னர் 1837இல் நிறுவிய வானாய்வகத்தின் முதல் இயக்குநர் ஜான் கால்டிகாட். 1852இல் அப்பொறுப்பேற்ற ஜான் ஆலன் புரூன், காந்தப் புலத்தையும் வானிலையையும் இடைவிடாது அளந்ததோடு, ஒப்பீட்டுக்காக அகத்தியமலை உச்சியிலும் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். 1857இல் திறக்கப்பட்ட திருவனந்தபுரம் அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநரும் இவரே. அருங்காட்சியகம் மட்டும் மக்களைப் போதிய அளவு ஈர்க்காமையால், 1859இல் அதே வளாகத்தில் விலங்குக்காட்சிசாலையும் உருவாயிற்று. வெப்பமானியை வாசித்தவரின் பொறுப்பில் இருந்த வளாகத்திலேயே விலங்குகளும் குடியேறின என்பதைத் தற்செயல் எனலாம். எனக்கு அப்படி ஒதுக்கிவிட மனம் வரவில்லை. கூண்டில் ஓர் உயிரைக் காப்பதென்பது பெரும்பகுதி அளவீட்டு வேலைதான்.

உப்பு மலைத்தொடரில் கோடைப் பகல் கொதிக்கும், குளிர்கால இரவு உறையும். திருவனந்தபுரத்திலோ பகலுக்கும் இரவுக்கும் இடையிலான வேறுபாடு சிறிது. இரு பருவமழைகள் பெய்கின்றன. காற்றின் ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதி 70 விழுக்காட்டுக்கு மேல் நிற்கிறது. எனவே கையேடு இங்கே தலைகீழாகிறது. உணவு செரிக்கப் பெட்டியின் ஒரு மூலையில் தரை 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் அறையே 29 டிகிரியில் இருக்கும்போது, கட்டுப்படுத்தி இல்லாத வெப்பத்தகடு அந்த மூலையை எளிதில் தீங்கான சூட்டுக்குக் கொண்டுபோகும். வேண்டியவை தெர்மோஸ்டாட், இரு முனைகளிலும் வெப்பமானி, ஈரமானி, மேலும் கம்பிவலை மூடி. மார்ச், ஏப்ரல் மாதங்களில் மறுமுனையைக் குளிர்ச்சியாக வைத்திருப்பதே பெரும்பாடு. தோலுரிக்க ஈரக் காகிதம் வைத்த சிறு மறைவிடம் ஒன்று போதும். பெட்டி முழுதும் ஈரமானால் தோல் நோயும் மூச்சுக்குழல் நோயும் வரும். உரிந்த தோல் விரல்களில் வளையமாக ஒட்டி நின்றால் விரலே அற்றுப்போகும். ஒவ்வொரு முறையும் பார்த்தாக வேண்டும். குஞ்சுக்கு மணல் வேண்டாம், விழுங்கினால் குடல் அடைபடும். காகிதத் தாளே நன்று. அதன் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தை மிகாத சுவர்க்கோழிப் பூச்சிகளைச் சுண்ணாம்புச் சத்துப் பொடியில் புரட்டி நாள்தோறும் தரலாம். வாங்கிவந்த முதல் இரு வாரங்கள் கையில் எடுக்காதிருத்தல் நலம். அஞ்சினால் வாலை உதிர்த்துவிடும், அதன் கொழுப்புச் சேமிப்பு அந்த வாலில்தான்.

வெப்பம் இவ்வுயிருக்குச் சூழல் மட்டுமன்று. முட்டை 26 டிகிரியில் அடைந்தால் பெரும்பாலும் பெண், 32.5 டிகிரியில் பெரும்பாலும் ஆண், அதனினும் மிகுந்து 34 டிகிரியை எட்டினால் மீண்டும் பெண். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் குரூஸ் குழுவினர், அடைவெப்பம் பெண் பல்லியின் சினத்தைக்கூட மாற்றுவதைக் காட்டினர்.

வளர்ப்புவழி உருவான நிற வகைகள் குறித்து எனக்குத் தயக்கமே மிகுதி. ‘எனிக்மா’ வகை தலை சாய்ந்து, நிலை தடுமாறிச் சுழலும். ‘லெமன் ஃப்ராஸ்ட்’ வகையில் வெண்ணிறமியுள்ள உயிரணுக்கள் கட்டிகளாகப் பெருகுவதை 2021இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று விளக்கியது. விலையுயர்ந்த நிறத்தைவிட, புள்ளியுள்ள எளிய வகையே மாணவர்க்கு ஏற்றது.

இப்பேரினத்தின் பிற இனங்கள் நம் நாட்டுக் காடுகளில் இன்றும் வாழ்கின்றன. சாத்பூரா மலைகளின் இனம் 2014இலும், விசாகப்பட்டினம் பகுதியினின்று விவரிக்கப்பட்ட ‘பிக்டஸ்’ 2022இலும்தான் பெயர் பெற்றன. எனவே கடைக்காரரிடம் நிறத்தைக் கேட்கும் முன், அக்குஞ்சு கூண்டில் பிறந்ததா, காட்டில் பிடிபட்டதா என்று கேட்டு, அதற்குரிய எழுத்துச் சான்றை வாங்கிக்கொள்ளுங்கள். சான்று தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.