வளர்ப்பு ஆமையின் உணவு வரலாறு

வளர்ப்பு ஆமையின் உணவு வரலாறு என்பது, நிலத்தில் வாழும் ஆமைகளைத் தம் பொறுப்பில் வைத்திருந்த மனிதர்கள் அவற்றுக்கு எதைக் கொடுத்தார்கள், அதிலிருந்து என்ன கற்றுக்கொண்டார்கள் என்பதைக் கூறுவதாகும். ஆமை மெதுவாக வளர்ந்து நீண்ட காலம் வாழும் உயிரினம். தவறான உணவால் வரும் கேடு சில மாதங்களிலோ சில ஆண்டுகளிலோதான் வெளியே தெரியும். நாய்க்கும் பசுவுக்கும் என்ன கொடுக்கலாம் என்பதை மனிதர் பல்லாயிரம் ஆண்டுகளில் பழகிக்கொண்டனர். ஆமைக்கு உரிய உணவைப் பற்றிய தெளிவு கடந்த இருநூற்றைம்பது ஆண்டுகளில்தான் சிறுகச் சிறுகக் கிடைத்தது.

மயிலம் வட்டாரமும் நட்சத்திர ஆமையும்

விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி செல்லும் வழியில் உள்ளது மயிலம். சூரபதுமன் மயில் உருவில் தவமிருந்த மலை என்ற தலபுராணத்தாலும், மலைமேல் உள்ள முருகன் கோயிலாலும் இவ்வூர் அறியப்படுகிறது. பாறைக் குன்றுகள், ஏரிகள், முட்புதர்கள், மேய்ச்சல் தரைகள் ஆகியவை கலந்தது இந்த வட்டாரம். தமிழகத்திலும் ஆந்திராவிலும் இலங்கையிலும் இதுபோன்ற வறண்ட புதர்நிலங்களே நட்சத்திர ஆமையின் வாழிடம். கரிய ஓட்டில் மஞ்சள் கோடுகள் கதிர்போல் விரிவதால் இப்பெயர் வந்தது. செருமானிய இயற்கையியலாளர் சோப்ப் 1795-இல் இதற்கு அறிவியல் பெயரிட்டு விளக்கினார்.

புல், சிறு செடிகள், சதைப்பற்றுள்ள இலைகள், உதிர்ந்த பூக்கள், பழங்கள் ஆகியவை இதன் உணவு. மழைக்காலத்தில் தளிர் மிகுதியாகக் கிடைக்கும்போது நன்றாக மேயும். கோடையில் அசைவைக் குறைத்துக்கொண்டு புதர் நிழலில் கிடக்கும். ஏரி, குளங்களில் உள்ள பாலாமை இதிலிருந்து முற்றிலும் வேறுபட்டது. அது தவளை, மீன், நத்தை போன்றவற்றையும் தின்னும். ஆமை என்ற ஒரே சொல்லால் இரண்டையும் அழைப்பதால், ஒன்றின் உணவை மற்றொன்றுக்குக் கொடுக்கும் பிழை இன்றும் நடக்கிறது.

நம்பிக்கைகள்

தமிழ் மரபில் ஆமைக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஐம்புலன்களை அடக்குவதற்கு உவமையாகத் திருக்குறளின் அடக்கமுடைமை அதிகாரம் ஆமையைக் காட்டுகிறது. திருமாலின் அவதாரங்களில் ஒன்று கூர்மம். இன்னொரு புறம், ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பது பழமொழி. அண்மைக் காலத்தில் இதற்கு நேர்மாறாக, ஆமை இருந்தால் செல்வம் சேரும் என்ற நம்பிக்கையும் பரவியுள்ளது. பழமொழி ஆமையை வீட்டிலிருந்து துரத்துகிறது; புதிய நம்பிக்கை அதைத் தொட்டியில் அடைக்கிறது. அது என்ன தின்னும் என்று இரண்டுமே கேட்பதில்லை.

ஆந்திராவின் சிறீகாகுளம் மாவட்டத்தில் உள்ள சிறீகூர்மம் கோயிலில் திருமால் கூர்ம வடிவில் வழிபடப்படுகிறார். அங்கு நட்சத்திர ஆமைகள் கோயில் வளாகத்திலேயே பேணப்படுகின்றன. பக்தியால் காக்கப்படும் விலங்குக்கும் அதற்கு ஏற்ற உணவும் இடமும் தேவை என்பதை நினைவூட்டும் இடம் அது.

செல்போர்ன் தோட்டத்து ஆமை

வளர்ப்பு ஆமையின் உணவை ஆண்டுக்கணக்கில் கவனித்து எழுதிவைத்தவர்களுள் முன்னோடி, இங்கிலாந்தின் செல்போர்ன் ஊரைச் சேர்ந்த கில்பர்ட் வைட் என்னும் பாதிரியார். அவருடைய அத்தை வளர்த்த திமோத்தி என்ற ஆமை, அத்தை இறந்தபின் 1780-இல் அவரிடம் வந்தது. அது எப்போது உறங்கப் போகிறது, எப்போது விழிக்கிறது, எதைத் தின்கிறது என்று வைட் குறித்துக்கொண்டே வந்தார். கிள்ளினால் பால் வடியும் கீரை வகைகளை அது பெரிதும் விரும்பியதைக் கண்டார். அவ்வப்போது எடையும் பார்த்தார். இக்குறிப்புகள் சில 1789-இல் வெளியான அவரது செல்போர்ன் இயற்கை வரலாற்று நூலில் இடம்பெற்றன. ஆண் என்று எண்ணி வளர்க்கப்பட்ட திமோத்தி உண்மையில் பெண் என்பது அது இறந்த பின்னரே தெரிந்தது.

வைட்டிடமிருந்து கிடைக்கும் பாடம் எளியது. தோட்டத்தில் பலவகைச் செடிகள் இருந்தன. ஆமை தானே மேய்ந்து தேர்ந்தெடுத்தது. வளர்த்தவர் கவனித்து எழுதினார். எடையைக் குறித்து வைப்பது இன்றும் ஆமை பராமரிப்பின் அடிப்படை.

கலாபகசுத் தீவும் சப்பாத்துக்கள்ளியும்

சார்லசு டார்வின் 1835-இல் கலாபகசுத் தீவுகளில் இறங்கியபோது அங்கிருந்த பேராமைகளின் உணவைக் கவனித்தார். நீரில்லாத தீவுகளில் அவை சதைப்பற்றுள்ள கள்ளியையே பெரும்பாலும் தின்றன. ஈரமான மேட்டு நிலங்களில் மர இலைகளையும், ஒருவகைப் புளித்த சிறு கனிகளையும், மரத்தில் தொங்கும் பாசி போன்ற கற்பாசி வகையையும் தின்றன. ஒரே தீவுக்கூட்டத்தில் இடத்துக்கு ஏற்ப உணவு மாறியதை இது காட்டியது.

அந்தக் கள்ளியின் உறவுதான் நம் ஊர் வேலிகளில் உள்ள சப்பாத்துக்கள்ளி. இதுவும் அமெரிக்காவிலிருந்து வந்ததே. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் மருத்துவர் ஆண்டர்சன் சென்னை சைதாப்பேட்டையில், சிவப்புச் சாயம் தரும் பூச்சியை வளர்ப்பதற்காக ஒரு கள்ளித் தோட்டமே அமைத்திருந்தார். முள் நீக்கிய சப்பாத்துக்கள்ளி மடல் நீரும் நாரும் சுண்ணாம்புச் சத்தும் கொண்டதால், நில ஆமைகளுக்கு நல்ல உணவாக இன்று உலகெங்கும் கொடுக்கப்படுகிறது.

அலிப்பூர் அத்வைதா

இந்தியாவில் மிகுந்த புகழ்பெற்ற வளர்ப்பு ஆமை, கொல்கத்தா அலிப்பூர் விலங்குக்காட்சி சாலையில் இருந்த அத்வைதா. அல்டாப்ரா இனத்தைச் சேர்ந்த இந்தப் பேராமை முன்பு இராபர்ட் கிளைவிடம் இருந்ததாகக் கூறப்படுகிறது. காட்சிசாலை தொடங்கப்பட்ட 1875-76 காலத்தில் அங்கு வந்த அது, 2006 மார்ச்சில் இறந்தது. கோதுமைத் தவிடு, கேரட், லெட்யூசு கீரை, ஊறவைத்த கடலை, ரொட்டி, புல், உப்பு ஆகியவை அதன் உணவாக இருந்தன.

இப்பட்டியலில் புல்லும் கீரையும் ஆமைக்கு உரியவை. தவிடும் கடலையும் ரொட்டியும் மனிதன் கால்நடைக்கும் தனக்கும் வைத்திருந்தவை. பெரிய உடலும் நீண்ட ஆயுளும் கொண்ட ஓர் ஆமை இதைத் தாங்கியது என்பதால், வீட்டுத் தொட்டியில் வளரும் குஞ்சும் தாங்கும் என்று கொள்ள முடியாது.

செயிண்ட் எலனாவின் ஜோனதன்

அட்லாண்டிக் பெருங்கடலில் உள்ள செயிண்ட் எலனா தீவுக்கு 1882-இல் கொண்டுவரப்பட்ட ஜோனதன் என்ற ஆமை, சுமார் 1832-இல் பிறந்ததாகக் கணிக்கப்படுகிறது. ஆளுநர் மாளிகையின் புல்வெளியில் மேய்ந்து வாழ்ந்த அது, முதுமையில் கண்புரையால் பார்வையையும் மோப்ப உணர்வையும் இழந்தது. நல்ல புல்லைத் தேடி மேய முடியாமல் மெலிந்தது. அதன் அலகும் மழுங்கி உதிரத் தொடங்கியது. தீவின் கால்நடை மருத்துவர் ஜோ ஹோலின்சு, காய்களையும் பழங்களையும் வாரந்தோறும் கையால் ஊட்ட ஏற்பாடு செய்தார். உடல் தேறியது, அலகும் கூர்மை பெற்றது. மேய்ச்சல் போதாதபோது துணையுணவு உயிர்காக்கும் என்பதற்கு இது சான்று.

அறிவியல் கண்டவை

ஆமையின் ஓடு எலும்பாலும் அதன்மேல் உள்ள கொம்புப்பொருள் தகடுகளாலும் ஆனது. அது வளரச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அச்சத்தை உடல் ஏற்க உயிர்ச்சத்து டி வேண்டும். அதற்கு நேரடி வெயில் வேண்டும். கண்ணாடி வழியாக வரும் வெயிலில் தேவையான புற ஊதாக் கதிர் வராது. சோறு, ரொட்டி போன்றவற்றில் பாசுபரசு மிகுதி, சுண்ணாம்பு குறைவு. இவற்றையே தின்று நிழலில் வளரும் குஞ்சின் ஓடு மென்மையாகி வளைகிறது. புரதம் மிகுந்த உணவும் நீர்க்குறைவும் சேர்ந்தால் சிறுநீரகம் கெடுகிறது.

ஓட்டின் தகடுகள் கூம்பு கூம்பாக எழுவதற்குப் புரதமே காரணம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. ஆப்பிரிக்க ஆமைக் குஞ்சுகளை வைத்து நடந்து 2003-இல் வெளியான ஓர் ஆய்வு, காற்றின் ஈரப்பதம் குறைவதே முதன்மைக் காரணம் என்று காட்டியது. நட்சத்திர ஆமையின் ஓடு இயல்பாகவே சற்றுக் கூம்பியிருக்கும்; அதை நோயென்று கொள்ளக் கூடாது.

சட்டம்

நட்சத்திர ஆமையை வீட்டில் வளர்ப்பது இந்தியாவில் குற்றம். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் இதைக் காக்கிறது. 2022-இல் திருத்தப்பட்ட பட்டியலில் இது முதல் அட்டவணையில் உள்ளது. பன்னாட்டு வணிகத்தை முற்றாகத் தடுக்கும் நோக்கில், அருகிவரும் உயிரினங்களின் வணிகம் குறித்த உடன்படிக்கையின் முதல் பிற்சேர்க்கைக்கு இது 2019-இல் மாற்றப்பட்டது. பட்டியலிலுள்ள வெளிநாட்டு ஆமைகளை வைத்திருப்போர் அவற்றை அரசிடம் பதிவு செய்ய வேண்டும்.

வயலிலோ சாலையோரத்திலோ நட்சத்திர ஆமையைக் கண்டால் அதை அங்கேயே விட்டுவிட வேண்டும். அடிபட்டிருந்தாலோ யாரிடமாவது அடைபட்டிருந்தாலோ வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். வீட்டில் வளர்ந்த ஆமையைத் தாமே கொண்டுபோய்க் காட்டில் விடுவதும் சரியன்று. அதன் நோய் காட்டு ஆமைகளுக்குப் பரவலாம்.

இன்றைய நடைமுறை

முறைப்படி பதிவு செய்யப்பட்ட நில ஆமைகளை வளர்ப்போருக்கு இந்த வரலாறு தரும் உணவுமுறை சிக்கலானதன்று. பெரும்பங்கு புல்லும் பலவகை இலைகளும் இருக்க வேண்டும்: அறுகம்புல், செம்பருத்தி இலையும் பூவும், மல்பெரி இலை, முருங்கைக்கீரை, முள் நீக்கிய சப்பாத்துக்கள்ளி. பூசணி, கேரட் போன்றவை சிறிதளவு போதும். பழம் எப்போதாவது மட்டும். பாலக்கீரையில் ஆக்சலேட்டு மிகுதி என்பதால் அதையே நாள்தோறும் கொடுக்கக் கூடாது. சோறு, பால், ரொட்டி, நாய்த்தீனி ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். பூச்சிமருந்து தெளித்த செடி எதுவும் ஆகாது.

சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் மீனின் ஓட்டைப் போட்டுவைக்கலாம். நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேட்டால் இதுவே கிடைக்கும். உள்ளே இறங்கிக் குடிக்கும்படி ஆழமில்லாத தட்டில் நீரும், காலை வெயிலும், ஒதுங்க நிழலும் எப்போதும் வேண்டும். மாதம் ஒருமுறை எடையைக் குறித்துவைத்தால், கண்ணுக்குத் தெரியும் முன்பே உடல்நலக் குறைவை அறியலாம்.

இவற்றுள் பல மயிலம் போன்ற ஊர்களின் வேலியோரத்திலும் மேய்ச்சல் தரையிலும் தாமாகவே வளர்பவை. வேலிகள் மதிலாகி, மேய்ச்சல் தரைகள் மனைகளாகும்போது, சட்டம் காக்கும் காட்டு ஆமையும் தன் உணவை இழக்கிறது.