மங்குப் பாலும் மருத்துவக் கையுறையும்

1925இல் மலாயா ரப்பர் ஆய்வு நிறுவனம் தோற்றுவிக்கப்பட்ட காலத்தில், சிலாங்கூர்த் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் விடியற்காலையில் மரத்தைச் சீவி மங்கு என்னும் கிண்ணத்தில் சேர்த்த பாலை, பெரும்பாலும் டயருக்கான மூலப்பொருளாகவே உலகம் அறிந்திருந்தது. அந்தப் பாலில் ரப்பரோடு புரதங்களும் கலந்துள்ளன. சிலரது உடல் அப்புரதங்களைப் பகையாகக் கருதி இம்யுனோகுளோபுலின் ஈ என்னும் எதிர்ப்பொருளை உண்டாக்கும் என்பதும், அடுத்த தொடுகையில் ஹிஸ்டமின் சுரந்து தடிப்பும் மூச்சிரைப்பும் தோன்றும் என்பதும் மிகப் பிற்பாடே தெளிவாயின.

இந்த ஒவ்வாமை பரவலாக வெளிப்பட்டதற்குக் காரணம் எய்ட்ஸ் அச்சம். 1980களின் பிற்பகுதியில் மருத்துவமனைகளில் கையுறைத் தேவை திடீரெனப் பெருகியபோது, கழுவி நீக்கப்படாத புரதம் கையுறையில் தங்கியது; எளிதாக அணிவதற்காகத் தூவப்பட்ட சோளமாவுத் தூளில் அது ஒட்டிக் காற்றிலும் பரவியது. 1991இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது; 2017இல் தூளிட்ட மருத்துவக் கையுறைகளுக்கு அந்நாட்டில் தடை நடைமுறைக்கு வந்தது. பாலைக் கொடுத்த மலேசியாவே மாற்றையும் தேட வேண்டியிருந்தது. மலேசிய ஆய்வாளர்கள் பால்மரப் புரதங்களை ஆராய்ந்தனர். கையுறைத் தொழிற்சாலைகள் நிறைந்த கிள்ளான் வட்டாரத்தில் நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பர் இடம்பிடித்தது.

இவ்வொவ்வாமை உடையோரில் சிலருக்கு வாழைப்பழமும் ஒத்துக்கொள்வதில்லை, இரண்டிலும் ஒத்த புரதங்கள் இருப்பதால். தொடுகையைத் தவிர்ப்பதே முதன்மையான காப்பு. மூச்சடைப்பும் இரத்த அழுத்த வீழ்ச்சியும் நேர்ந்தால், தொடைத் தசையில் உடனே செலுத்தப்படும் அட்ரினலின் ஊசியே முதல் மருந்து.